அணைக் கணக்கும் கல்விக் கணக்கும்

(கெலவரப்பள்ளிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

ஆலையிலே இரவு முறை முடித்து, இமையிலே உறக்கம் இன்னும் ஒட்டியிருக்க, இந்தத் திடலுக்கு வந்து நிற்கும் என் தோழர்களே!

பல்கலைக் கழகங்களின் வரவு-செலவைப் பற்றி இன்று பேசப் போகிறேன். "பட்டம் பெற்றோர் பேச வேண்டிய பொருளாயிற்றே, பாட்டாளிகள் கூடுமிடத்திலே அதைப் பேசலாமா?" என்று கேட்போர் உண்டு. பேசலாம், பேச வேண்டும், இங்கேதான் பேச வேண்டும்! பல்கலைக் கழகத்தின் கதவு சாத்தப்படும் நாளில், மாளிகையிலே பிறந்த பிள்ளை விமானமேறி வேறு நாடு போய்விடுவான். கதவுக்கு வெளியே கைபிசைந்து நிற்கப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளை. ஆகவே, கணக்கைக் கேட்கும் முதல் உரிமை உங்களுடையது.

கணக்கோ கடினமானதல்ல. இந்த ஊராருக்குத் தெரியாததும் அல்ல. அது அணையின் கணக்கு.

தென்பெண்ணை ஆறு, கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியிலே பிறக்கிறது. நம் எல்லைக்குள் அடி வைத்ததும், கெலவரப்பள்ளி அணை அதனை எதிர்கொண்டு நிறுத்துகிறது. அணையின் முழு உயரம் 44.28 அடி. இடப்புறம் ஒரு கால்வாய், வலப்புறம் ஒரு கால்வாய். பாசனம் பெறுவது ஏறத்தாழ 8,000 ஏக்கர். எதற்காகக் கட்டினார்கள் இதை? மழை பெய்கிற காலத்திலே தேக்கி, மழை பொய்க்கிற காலத்திலே திறந்துவிட! வயல் நனைந்து கிடக்கும்போது மதகைத் திறந்துவிட்டு, வயல் வெடித்துக் கிடக்கும்போது மதகை இறுக மூடி, "ஆற்றிலேயே நீரில்லை; அணையிலிருந்து எப்படியப்பா தருவது?" என்று ஒரு பொறியாளர் பேசுவாரானால், அவரை அந்த வேலையிலே ஒரு நாள் வைத்திருப்பீர்களா?

நாட்டின் கருவூலமும் ஓர் அணைதான். பல்கலைக் கழகம் அதன் கால்வாய். பொருளாதார மந்தம் என்பது தொழிலுக்கும் வாணிபத்துக்கும் வருகிற வறட்சி. அந்த வறட்சி வந்ததும் ஆட்சியாளர் என்ன செய்கிறார்கள்? மதகை மூடுகிறார்கள். மூடியதோடு நின்றாலும் பொறுத்துக் கொள்ளலாம். வெடித்த வயலுக்குச் சொந்தக்காரனிடமே குடத்தை நீட்டி, "நீ கொஞ்சம் நீர் ஊற்று, கால்வாய் ஓடட்டும்" என்கிறார்கள். அந்தக் குடத்தின் பெயர் கட்டண உயர்வு!

மந்தம் வரும் வழி

மந்தம் எப்படி வருகிறது என்று ஏட்டைப் பார்த்து நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 செப்டம்பரை நினைவிற் கொண்டு பாருங்கள். வண்டி வாங்குவார் இல்லை. அசோக் லேலண்டு நிறுவனம், எண்ணூர் ஆலைக்கு 16 நாள், நம் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாள் வேலையில்லா நாள் என்று அறிவித்தது. பெரிய ஆலையிலே ஐந்து நாள் என்றால், அதற்கு உதிரி உறுப்பு செய்து கொடுக்கும் சிறு பட்டறையிலே எத்தனை நாள்? ஒப்பந்தத் தொழிலாளிக்கு எத்தனை நாள்? அவனுக்கு எந்த அறிவிப்புப் பலகையிலே எழுதிப் போட்டார்கள்?

அந்தப் புண் ஆறுமுன்பே 2020 வந்தது, தொற்று நோய் வந்தது, ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களிலே, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட, இந்தியாவின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. நான்கு பேர் உண்ட வீட்டிலே ஒருவரின் சோறு போயிற்று என்று பொருள்! அந்த ஒருவர் யார்? வீட்டுத் தலைவரல்ல, கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை.

நானே அப்படி நின்றவன்தான். 2008-இல் அமெரிக்காவிலே வங்கிகள் சரிந்தன. அடுத்த ஆண்டு என் தந்தைக்கு வேலை குறைந்தது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட வழியின்றி நான் கல்லூரியை விட்டு வெளியேறினேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நியூயார்க்கிலே ஒரு வங்கி கவிழ்ந்ததற்கு, இந்த மாவட்டத்திலே ஒரு பிள்ளை அபராதம் கட்டினான். குற்றம் செய்தவன் வேறு, தண்டம் இறுத்தவன் வேறு!

இதிலே கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. வேலை கிடைக்காத காலத்திலேதான், "படித்தாவது வைப்போம்" என்று பிள்ளைகள் கல்லூரி வாயிலை நோக்கி வருகிறார்கள். ஆலை அழைத்தால் ஆலைக்குப் போவார்கள். ஆலை அழைக்காதபோது அறிவைத் தேடி வருகிறார்கள். ஆகவே மந்த காலத்திலே கல்வியை நாடுவோர் கூட்டம் பெருகும். அவர்கள் மடியிலே பணம் குறையும். அரசின் வரி வருவாயும் குறையும். மூன்றும் ஒரே வேளையிலே நடக்கும். இந்த முச்சந்தியிலே நிற்கிற பல்கலைக் கழகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

மண்டபத்திலே ஒரு காட்சி

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே, அந்தக் காட்சியைச் சிறு நாடகமாகவே காட்டிவிடுகிறேன். இடம், ஏதோ ஒரு பல்கலைக் கழகத்தின் ஆட்சிக்குழு மண்டபம். காலம், மந்த காலம். நிதி அலுவலர் எழுந்து கனைத்துக் கொள்கிறார்.

நிதி அலுவலர்: அவையோரே! வரவு குறைந்துவிட்டது, செலவு குறைய மறுக்கிறது. வழி மூன்று. கட்டணத்தை உயர்த்தலாம். சேர்க்கையைக் குறைக்கலாம். ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் இடங்களை நிரப்பாமலே விட்டுவிடலாம்.

உறுப்பினர்: மூன்றும் நல்ல வழிகளாகவே தோன்றுகின்றனவே! மூன்றையும் செய்துவிடுவோம்.

(கதவருகே நின்ற காவற்காரர் கைகட்டியபடி ஓரடி முன்னே வருகிறார்.)

காவற்காரர்: ஐயா, ஒரு சந்தேகம். 40 பேர் உட்காரும் வகுப்பிலே 30 பேர் உட்கார்ந்தால், ஆசிரியர் சம்பளம் குறையுங்களா?

நிதி அலுவலர்: குறையாதப்பா.

காவற்காரர்: விளக்குச் செலவு?

நிதி அலுவலர்: குறையாது.

காவற்காரர்: ஓய்வூதியம்?

நிதி அலுவலர்: அது எப்படிக் குறையும்?

காவற்காரர்: அப்படியானால், 10 பேரை வெளியே நிறுத்தியதிலே மிச்சம் எதுங்க, ஐயா? என் மகள் கட்டவிருந்த கட்டணமும் போயிற்று. அவள் பெறவிருந்த பட்டமும் போயிற்று. மிச்சம், காலியாய்க் கிடக்கிற நாற்காலி மட்டும்தானே!

தோழர்களே! அந்தக் காவற்காரர் கேட்டதுதான் உயர்கல்வி நிதியின் உயிர்நாடிக் கேள்வி. பல்கலைக் கழகத்தின் செலவிலே பெரும்பகுதி ஊதியமும் ஓய்வூதியமும். மாணவர் தலையை எண்ணி அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கட்டிடம் கட்டியாயிற்று, நூலகம் வைத்தாயிற்று, ஆசிரியர் அமர்ந்தாயிற்று. அதற்குப் பின் ஒரு பிள்ளையைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு சிறிது. ஒரு பிள்ளையைத் தடுப்பதால் வரும் நட்டம் பெரிது. கட்டணத்தை உயர்த்தினால் வருவாய் பெருகும் என்கிறார்கள். உயர்த்திய கட்டணத்தைக் கட்ட முடியாமல் ஒவ்வொரு வகுப்பிலும் சில பிள்ளைகள் நின்றுவிட்டால், உயர்த்தியதும் போய், முன்பு வந்ததும் போய்விடும். ஓட்டைக் குடத்திலே வாய் அகலத்தை மட்டும் பெரிதாக்கிப் பயன் என்ன?

தொரப்பள்ளி தரும் பாடம்

பணமில்லை என்று கல்வியைக் குறைக்கும் எண்ணம் புதியதல்ல. இதே ஓசூருக்கு அருகே இருக்கிறது தொரப்பள்ளி. இராசகோபாலாச்சாரியார் பிறந்த ஊர். அறிவாளர்; சட்டம் கற்றவர்; சிக்கனத்தைத் தம் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தவர். மறுக்கவில்லை. அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1953-இல், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்தார். மிஞ்சிய நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். சொன்ன காரணங்களிலே ஒன்று, எல்லாப் பிள்ளைக்கும் முழுநேரப் பள்ளி வைக்க நிதி போதாது என்பது. கணக்குப் புத்தகத்திலே அது அழகாகத்தான் இருந்தது: அதே ஆசிரியர், அதே கட்டிடம், இரட்டை வகுப்பு!

நாடு கொதித்தது. "சலவைத் தொழிலாளி மகன் சலவைக் கல்லுக்கும், செருப்புத் தைப்பவன் மகன் ஊசிக்கும் திரும்பிப் போவதா சிக்கனம்?" என்று மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கருவூலம் திடீரென்று நிரம்பிவிட்டதா? இல்லை! அதே வறிய கருவூலத்தை வைத்துக் கொண்டுதான் புதுப் பள்ளிகள் எழுந்தன; 1956-இல் மதிய உணவும் வந்தது. ஆக, அங்கே குறையாக இருந்தது காசல்ல, "யாருக்கு முதலில்?" என்ற கேள்விக்குச் சொன்ன விடை!

நியூயார்க்கிலே நடந்தது

"இது ஏழை நாட்டுக் கதை, பணக்கார நாடுகளைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம்.

நியூயார்க் நகரிலே 1847-இல் தொடங்கிய கல்லூரி ஒன்று உண்டு. பின்னாளில் சிட்டி கல்லூரி எனப் பெயர் பெற்றது. கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தையற் கூடங்களிலே உழைத்த குடியேறிகளின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கா பெருமந்தத்திலே விழுந்தது. வரிசையிலே நின்று கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். அந்த இருண்ட ஆண்டுகளிலும் அந்தக் கல்லூரி கட்டணம் கேட்கவில்லை. ஆடைத் தொழிலிலே உழைத்த ஒருவரின் மகன் அந்த நாளிலே அங்கே பயின்று, 1934-இல் பட்டம் பெற்றான். பெயர், ஜோனாஸ் சால்க். 1955-இல் இளம்பிள்ளை வாதத்துக்கு அவன் கண்ட தடுப்பு மருந்தின் வெற்றியை உலகம் கேட்டது. அந்த மருந்துக்குக் காப்புரிமையும் அவன் வாங்கவில்லை. மந்த காலத்திலே ஒரு நாற்காலியை அந்த நகரம் காலியாக விடவில்லை. இருபது ஆண்டு கழித்து, கோடிக்கணக்கான குழந்தைகளின் கால்கள் பிழைத்தன. இந்த வரவை எந்த நிதி அலுவலர் எந்தப் பக்கத்திலே எழுதுவார்?

ஆனால் அதே நகரத்தின் மறுபக்கத்தையும் காணுங்கள். 1970-இல் அந்த நகரப் பல்கலைக் கழகம் தன் வாயிலை அகலத் திறந்தது. கறுப்பின மக்களின் பிள்ளைகளும் பியூர்ட்டோ ரிக்கோ மக்களின் பிள்ளைகளும் பெருமளவில் உள்ளே வந்தார்கள். 1975-இல் நகரம் திவாலின் விளிம்புக்கு வந்தது. 1976-இல், ஊதியம் தரப் பணமின்றிப் பல்கலைக் கழகம் சில வாரங்கள் இழுத்து மூடப்பட்டது. திறந்தபோது கட்டணத்தோடு திறந்தது. 129 ஆண்டுகள் கேட்காத கட்டணம்! பெரும் போரிலே கேட்கவில்லை, பெருமந்தத்திலே கேட்கவில்லை. கறுப்புப் பிள்ளைகள் வாயிலைத் தாண்டிய ஆறாவது ஆண்டிலே கேட்டார்கள். வறட்சி வந்தால் எந்த மதகு முதலில் மூடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! கடைமடைக்காரன் மதகுதான் எப்போதும் முதலில் மூடப்படுகிறது.

2008-இன் சரிவுக்குப் பின் கலிபோர்னியப் பல்கலைக் கழகம், 2009 நவம்பரிலே, கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்த முடிவு செய்தது. இங்கிலாந்து, 2012 முதல் கட்டண உச்ச வரம்பை 9,000 பவுனாக, ஏறத்தாழ மும்மடங்காக, ஆக்கிற்று. ஜெர்மனியோ நேர் எதிர்த் திசையிலே நடந்தது: சில மாநிலங்களிலே புகுந்திருந்த கட்டணத்தை, 2014-க்குள் எல்லா மாநிலங்களுமே நீக்கிவிட்டன. ஒரே உலக மந்தம், மூன்று நாடுகள், இரண்டு வழிகள். ஆகவே, "வேறு வழியில்லை" என்று யாரேனும் சொன்னால், "வழி இருக்கிறது, உங்களுக்கு மனமில்லை" என்று சொல்லுங்கள்!

ஆற்றோடு போய்ப் பார்ப்போம்

அமெரிக்கா வரை போவானேன்? நம் தென்பெண்ணையோடேயே போய்ப் பார்ப்போம். இங்கிருந்து கிருஷ்ணகிரி அணை. அடுத்துச் சாத்தனூர் அணை. கடைசியாகக் கடலூர் அருகே கடல். அந்தக் கடலூர் மாவட்டத்திலேதான் சிதம்பரம் இருக்கிறது. சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக் கழகம், 1929-இல் எழுந்தது.

தமிழுக்கும் இசைக்கும் தொண்டாற்றிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் நிருவாகம் நெறி தவறிற்று. தேவைக்கு மேல் ஆளெடுத்தார்கள்; ஊழியர் எண்ணிக்கை பத்தாயிரத்தையும் தாண்டியது. தொலைநிலைக் கல்வியிலே கொட்டிய வருவாய் என்றைக்கும் கொட்டும் என்று நம்பினார்கள். 2012 இறுதியிலே பணம் தீர்ந்தது. ஊதியத்தைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஊழியர் வீதிக்கு வந்தார்கள். 2013-இல் அரசு தன் அதிகாரி ஒருவரை நிருவாகியாக அமர்த்தியது. அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக் கழகத்தையே தன் கையிலே எடுத்துக் கொண்டது. மிகுதியாக இருந்த ஊழியர்கள், பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

அரசு எடுத்துக் கொண்டதே, கட்டணம் குறைந்ததா? அங்கேதான் அடுத்த காட்சி. அந்தப் பல்கலைக் கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியிலே, அரசின் கைக்கு வந்த பின்னும், மருத்துவப் பட்டப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல்! மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ 15,000 ரூபாய்க்கும் குறைவு! 2020 இறுதியிலே, நாடே தொற்றிலும் மந்தத்திலும் துவண்டு கிடந்த வேளையிலே, மாணவர்கள் எழுந்தார்கள். விடுதியை மூடினார்கள்; உணவை நிறுத்தினார்கள்; பிள்ளைகள் கலையவில்லை. போராட்டம் 50 நாளையும் கடந்தது. 2021 தொடக்கத்திலே அரசு இறங்கி வந்தது: கல்லூரியை நலவாழ்வுத் துறைக்கு மாற்றி, மற்ற அரசுக் கல்லூரிகளுக்குரிய கட்டணமே இதற்கும் என்று ஆணையிட்டது.

கருவூலம் நிரம்பி வழிந்த ஆண்டிலா அது நடந்தது? இல்லை. நம் வாழ்நாளில் நாம் கண்ட மிகக் கொடிய மந்த ஆண்டிலே! மந்த காலத்திலே கட்டணத்தைக் குறைக்க முடியாது என்று இனி எவரும் சொல்ல முடியாதபடி, சிதம்பரத்து மாணவர்கள் அந்த ஏட்டை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள்.

மூத்த கழகங்களின் முட்டுப்பாடு

சென்னைப் பல்கலைக் கழகத்தைப் பாருங்கள். 1857-இல் பிறந்தது. அதன் எல்லையிலிருந்து கல்லூரிகளைப் பிரித்து, 1982-இல் பாரதியார் பல்கலைக் கழகமும் பாரதிதாசன் பல்கலைக் கழகமும், 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக் கழகமும் அமைத்தார்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போயின, நல்லதே. ஆனால் இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் பிள்ளைகளோடு போயிற்று. ஓய்வு பெற்ற முதியோரின் ஓய்வூதியம் மட்டும் தாய் வீட்டிலேயே தங்கிற்று!

அடுத்து வந்தது வருமான வரி. விதி என்ன சொல்கிறது? அரசின் மானியம் மொத்த வருவாயிலே பாதிக்கு மேல் இருந்தால், அது அரசு நிதியால் நடக்கும் கல்வி நிலையம், வரி இல்லை. மானியம் அந்தப் பாதிக் கோட்டுக்குக் கீழே போன ஆண்டுகளுக்காக, 424 கோடி ரூபாய் வரி கேட்டு, 2024-இல் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கினார்கள். இந்த அநியாயத்தின் அழகைக் காணுங்கள்! ஓர் அரசு, குழந்தைக்குப் பாலைக் குறைக்கிறது, இன்னோர் அரசு, "பால் குறைவாகக் குடிக்கிறாயே, அப்படியானால் நீ இந்த வீட்டுக் குழந்தையல்ல, குடிக்கூலி கொடு" என்கிறது! இடையிலே, 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த வழக்கிலே ஆண்டுக் கணக்காகக் காலியாகவே கிடந்தது. வீடு பற்றி எரிகிறது. சாவி எவரிடம் இருப்பது என்று வழக்கு!

மதுரையிலே, 1966-இல் தொடங்கிய பல்கலைக் கழகம் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதிய உணவு தந்தவரின் பெயர் தாங்கிய அந்த வளாகத்திலே, 2023-லும் 2024-லும் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மாதக் கணக்கிலே காத்துக் கிடந்தார்கள். வாயிலிலே பேராசிரியர் அமர்ந்து முழக்கமிட்டார். வகுப்பிலே மாணவர் அமர்ந்து வாயிலைப் பார்த்திருந்தார்.

"அது மதுரைக் கதை, சென்னைக் கதை, எங்களுக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரியின் கலைக் கல்லூரிகள் இணைந்திருப்பது சேலம் பெரியார் பல்கலைக் கழகத்தோடு. அது 1997-இல் பிறந்தது, வயதிலே இளையது. தொடக்க நாளிலே பணியிற் சேர்ந்தோர் ஓய்வு பெறுங் காலம் இது. மூத்தவள் வீட்டிலே இன்று விழுகிற இடி, இளையவள் வீட்டிலே நாளைக்கு விழும். கூரையை இன்றே வேய வேண்டும்.

மதகுக் கதவும் மனச்சான்றும்

அரசைக் கேட்பது எளிது. நம்மையும் கேட்டுக் கொள்வோம்.

2017 இறுதியிலே கிருஷ்ணகிரி அணையின் மதகுக் கதவு ஒன்று உடைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வரத்து இருந்தது, தேக்கமும் இருந்தது, ஒரு கதவு துருவேறி உடைந்ததிலே, தேக்கிய நீர் வெள்ளமாய் ஓடி வீணாயிற்று. பல்கலைக் கழகத்திலும் அப்படிக் கதவுகள் உண்டு. பணி நியமனம் என்பது ஒரு கதவு. கட்டிட ஒப்பந்தம் என்பது ஒரு கதவு. தணிக்கைக்கு விடை எழுதாமல் கட்டி வைத்த கோப்பு ஒரு கதவு. நல்ல காலத்திலே சேர்த்த வைப்பு நிதியை உடைத்து, மாதச் சம்பளம் கொடுப்பது ஒரு கதவு. துரு எங்கே ஏறுகிறது? "என் மைத்துனனுக்கு ஓர் இடம்" என்று துணைவேந்தர் அறையிலே நிற்கிற சிபாரிசுக் கடிதத்திலே ஏறுகிறது! ஆட்சி எவர் கையிலே இருந்தாலும், அந்தக் கடிதம் எழுதும் பேனாவை முறித்துப் போட வேண்டியவர்கள் கட்சித் தோழர்கள். சிதம்பரத்திலே தேவைக்கு மேல் ஆளெடுத்த கதைக்கு, கடைசியிலே விலை கொடுத்தவர்கள் 5 லட்சம் கட்டிய மாணவர்கள் அல்லவா?

இன்னொன்றையும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். மந்த காலத்திலே மாநில அரசின் வரியும் குறைகிறது. கடன் வாங்கவும் வரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். "எங்கிருந்து தருவது?" என்று மாநில நிதியமைச்சர் கேட்டால், அது பொய்க் கேள்வியல்ல. அதற்கு விடை இரண்டு. நல்ல ஆண்டிலே ஒதுக்கி வைப்பது ஒன்று. தில்லியைக் கேட்பது மற்றொன்று. 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்திலே, அரசியல் சட்டத்தைத் திருத்தி, மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போனார்கள். பாடத்திலே பங்கு கேட்கிறார்கள். தேர்விலே பங்கு கேட்கிறார்கள். நியமனத்திலே பங்கு கேட்கிறார்கள். கேட்கட்டும்! அதிகாரத்திலே பங்கு கேட்கிற கை, பற்றாக்குறையிலும் பங்கு கொள்ள நீள வேண்டாமா? நாட்டு வருமானத்திலே 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-இல் எழுதிக் கொடுத்தது. அந்தக் குழுவை அமைத்ததும் தில்லிதான்!

நாம் கேட்க வேண்டியவை

கைதட்டலோடு கலைந்துவிட்டால் இந்தக் கூட்டத்தால் பயனில்லை. ஆகவே, கேட்க வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணிக் கொள்ளுங்கள்.

முதலாவது: ஓய்வூதியச் சுமையைப் பல்கலைக் கழகங்களின் தோளிலிருந்து இறக்கி, அரசே நேரே ஏற்க வேண்டும். நேற்று உழைத்த முதியவரின் ஓய்வூதியமும், நாளை உழைக்கப் போகும் மாணவரின் கட்டணமும் ஒரே பெட்டியிலிருந்து போட்டியிடக் கூடாது.

இரண்டாவது: நல்ல விளைச்சல் ஆண்டிலே ஒரு பகுதியை எடுத்து, மந்த கால நிதி என்று பூட்டி வைக்க வேண்டும். வருவாய் சரிந்த ஆண்டிலே மட்டும் திறக்க வேண்டும். பூட்டு சட்டமன்றத்திலே இருக்கட்டும்.

மூன்றாவது: மந்த ஆண்டுகளிலே கற்பிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம் எதுவும் உயரக் கூடாது. கட்ட இயலாமையால் ஒரு பெயரும் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படக் கூடாது.

நான்காவது: மந்தம் வந்தால் இடத்தைக் குறைக்காதே, கூட்டு! மாலை வகுப்புத் திற. ஆலை அனுப்பிவிட்ட ஒப்பந்தத் தொழிலாளி, அந்த ஓய்ந்த ஆண்டிலே ஒரு பட்டத்தின் பாதியையாவது முடித்து வரட்டும். ஆலை மீண்டும் அழைக்கும்போது, போனவனாகவே அவன் திரும்பக் கூடாது; உயர்ந்தவனாகத் திரும்ப வேண்டும்.

ஐந்தாவது: ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தன் வரவு-செலவை, எளிய தமிழிலே, ஒரே ஒரு தாளிலே அச்சிட்டு, எல்லாக் கல்லூரி வாயிலிலும் ஒட்ட வேண்டும். அணையின் நீர்மட்டத்தை அன்றாடம் பத்திரிகையிலே போடுகிறார்களே! வரத்து எவ்வளவு, இருப்பு எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று உழவர் படிக்கிறாரே! கல்வியின் நீர்மட்டத்தை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

இந்த ஐந்தையும் மனுவாக எழுதுங்கள். தமிழிலே எழுதுங்கள், இந்த எல்லைப் பகுதியிலே தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நம் வீட்டாருக்கும் அவரவர் மொழியிலே எடுத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவிலே, படிப்பை இடையிலே விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், எதனாலே விட்டார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலை வைத்துக் கொண்டு அமைச்சரைப் பாருங்கள். அவர் புள்ளிவிவரம் காட்டுவார், நீங்கள் பெயர்களைக் காட்டுங்கள். விழுக்காட்டுக்கு வீடு கிடையாது, முகவரி கிடையாது, அழுகிற தாய் கிடையாது. பெயருக்கு உண்டு.

மழை பொய்ப்பது இயற்கை. அதை எவராலும் தடுக்க முடியாது. மந்தம் வருவதும் முதலாளித்துவ உலகிலே முற்றிலும் தடுக்க முடியாததாக இருக்கலாம். ஆனால் மதகு இயற்கையல்ல. அதை மனிதன் கட்டினான். மனிதன் கைதான் அதைத் திருகுகிறது. எந்த நாளிலே திறப்பது, எவருடைய கால்வாயிலே விடுவது என்பதை, அணைக்கு மேலே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் மட்டும் முடிவு செய்த காலம் போதும். கடைமடைக்காரன் கரையேறி வந்து கேட்கட்டும்!

கேளுங்கள், தோழர்களே! உரக்கக் கேளுங்கள்!